பிக்குவுக்கு மனைவி கிடையாது

அந்தத் தாமரை மொட்டுங்களை மடியிலயே வெச்சிருந்தா சூட்டுல வாடிடும் சார். சீட்டுக்கு அடியில வையுங்க. ஈரத்துணி சுத்தியிருக்கீங்கல்ல, ஒண்ணும் ஆகாது. நாளைக்கு விழாவுக்குத்தானே? மெட்ராஸ்லேர்ந்தா? பாத்தவுடனே தெரிஞ்சுது. தங்கவயலுக்குத் தாமரை எடுத்துக்கினு வர்றவங்க வேற எங்க போகப் போறாங்க, போதி நிழல் சங்கத்துக்குத்தான்.

உங்க சட்டையில குத்தியிருக்கீங்களே பேட்ஜு, அதுல மொட்டைத் தலையோட ஒரு தோள் தெரியக் காவி கட்டிக்கினு இருக்காரே, சாந்திபால பிக்கு, சங்கத்தை உண்டாக்கினவரு. அவரு எங்க நைனா. என்னைப் பெத்த அப்பா.

எழுந்திருக்க வேணாம் சார். உக்காருங்க. கையையும் பிடிக்க வேணாம். இதுக்குத்தான் யாருகிட்டயும் எடுத்தவுடனே சொல்றதில்ல. சொன்னா கண்ணு கலங்கிடுவாங்க. அவருக்கு மகனாப் பொறக்க என்ன புண்ணியம் பண்ணீங்களோம்பாங்க. நான் ஒரு புண்ணியமும் பண்ணல.

அவரு நல்லது பண்ணலன்னு சொல்ல வரல. பண்ணாரு. ஊருக்குப் பண்ணாரு. அப்ப அவரு பேரு வேலாயுதம். சுரங்கத்துக்குள்ள மரம் முட்டுக்கொடுக்கற வேலை. வேலை முடிஞ்சு மேல வந்தா குளிச்சுட்டு நேரா அரச மரத்தடிக்குப் போயிடுவாரு. அங்க, கம்பெனி வரிசையா கட்டிக் கொடுத்த லைன் வீட்டுப் பிள்ளைங்களுக்குப் படிப்பு, பெரியவங்களுக்குப் பேச்சு. நாம யாருக்கும் கீழ இல்ல, நம்ம பாட்டன் பூட்டனெல்லாம் பௌத்தங்க, நடுவுல வந்தவன் நம்மளைக் கீழ தள்ளிட்டான்னு சொல்வாரு. அதைக் கேட்டுட்டு முரட்டு ஆம்பளைங்க உக்காந்து அழுததை நானே பாத்திருக்கேன். குடிச்சுட்டுப் பொண்டாட்டியை அடிக்கறவன் வீட்டு வாசல்ல போய் நிப்பாரு. திட்ட மாட்டாரு, சும்மா நிப்பாரு. அவனே வெட்கப்பட்டு வெளிய வருவான். அப்படி எத்தனையோ குடும்பத்தை ஒட்ட வெச்சாரு. எங்க குடும்பத்தைத் தவிர.

எங்கம்மா பேரு பச்சையம்மா. சங்கம் ஆரம்பிச்சப்ப எல்லாருக்கும் பேரு மாத்தினாரு. அம்மாவுக்கு விசாகைன்னு வெச்சாரு. புத்தர் காலத்துல தானம் பண்ண பெரிய அம்மாவாம். எங்கம்மாவுக்கு அந்தப் பேரு வாயிலயே நுழையல. யாராவது விசாகை அம்மான்னு கூப்பிட்டா பக்கத்துல நிக்கறவங்களைப் பாக்கும். எனக்கு மட்டும் பேரு மாத்த வேண்டி வரல. பொறந்தப்பவே வெச்சுட்டாரு. ராகுலன். புத்தரோட மகன் பேரு. அம்மாவுக்கு அதுல ஒரே பெருமை. எனக்கும்தான். பெரியவனானப்புறம் இலங்கையிலேர்ந்து வந்த ஒரு சாமியார் சொல்லித்தான் அர்த்தம் தெரிஞ்சுது. தளைன்னு அர்த்தமாம். கால்ல மாட்டற விலங்கு. மகன் பொறந்தான்னு சேதி வந்தப்ப, விலங்கு பொறந்துச்சுன்னு புத்தர் சொன்னாராம். தெரிஞ்சேதான் வெச்சாரு சார் எங்க நைனா. நான் தொட்டில்ல கெடக்கறப்பவே அவருக்கு முடிவாயிருக்கு.

எனக்கு நல்லா நினைவு தெரிஞ்ச வயசுல, பாலி பாஷை படிக்கப் போறேன்னு இலங்கைக்குக் கிளம்பினாரு. கொஞ்ச நாள்ல வந்துடுவேன்னுதான் அம்மாகிட்ட சொன்னாரு. வருஷம் போச்சு. சங்கத்துக்குத் தகவல் வரும், எங்களுக்கு வராது. ஒரு நாள் சங்கத்து ஆளுங்க வந்து, அண்ணன் வர்றாரு, கூட்டம் இருக்கு, மரத்தடிக்கு வாங்கன்னு சொன்னாங்க. வேற ஒண்ணும் சொல்லல. எங்கம்மா கல்யாணப் பொடவையைப் பெட்டியிலேர்ந்து எடுத்துக் கட்டிக்கினு, தலை நிறைய பூ வெச்சுக்கினு, என்னைக் கையில பிடிச்சுக்கினு போச்சு.

மரத்தடியில மொட்டை அடிச்சுக் காவி கட்டிக்கினு ஒருத்தர் உக்காந்திருக்காரு. அம்மாவுக்கு யாருன்னு தெரியறதுக்கே நேரமாச்சு. சனமெல்லாம் கால்ல விழுது. எங்கம்மா மட்டும் பூவோட நிக்குது. செயலாளர் மாசிலாமணி பக்கத்துல வந்து, விழுந்து கும்பிடும்மான்னு சொன்னாரு. விழுந்துச்சு. எல்லாருக்கும் சொன்ன மாதிரியே நைனா சுகமாயிருன்னு சொன்னாரு. அவ்ளோதான். வீட்டுக்கு வந்து பொடவையை மடிச்சு வெச்சுட்டு, பூவை எடுத்துப் பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு வெச்சு விட்டுச்சு. அப்புறம் அது பூ வெச்சு நான் பாக்கல.

அவரு எங்கியோ காட்டுக்குப் போயிருந்தா மறந்து தொலைச்சிருக்கலாம் சார். எங்க லைன் கடைசியிலயே குடிசை போட்டு விகாரைன்னு பேரு வெச்சு உக்காந்துட்டாரு. தெனம் காலையில திருவோட்டை எடுத்துக்கினு எல்லார் வீட்டு வாசலுக்கும் வருவாரு. எங்க வாசலுக்கும் வருவாரு. நிப்பாரு. எங்கம்மா சோறு போடும். அவருக்குக் கருவாட்டுக் குழம்பு பிடிக்கும்னு அதை வெச்சு ஊத்தும். அவரு பாத்திரத்துல அது பத்து வீட்டுச் சோத்தோட கலந்துடும், எது எந்த வீடுன்னு தெரியாது. இருந்தாலும் வைக்கும். எதுவும் பேச மாட்டாங்க. ஒரே ஒரு வாட்டி அம்மா கேட்டுச்சு, பையனைப் பெரிய பள்ளிக்கூடத்துல சேக்கணும், கையெழுத்துப் போட அப்பா வரணுமாம்னு. அதுக்கு அவரு, மாசிலாமணியை அனுப்பறேன்னாரு. மாசிலாமணிதான் வந்தாரு. என்னைச் சேர்த்துக்கற வாத்தியார், நீ யாரு மகன்யான்னு கேட்டாரு. ஒரு பள்ளிக்கூடமே அவரு பேரைச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிடுது, மகனைச் சேர்க்க மாசிலாமணி.

இதெல்லாம் விடுங்க. முக்கியமானதைச் சொல்லிடறேன், ரயிலு பங்காருபேட்டையில ரொம்ப நேரம் நிக்கும்.

நைனா வேலையை விட்டுட்டதால, அதுவரைக்கும் கண்டுக்காம இருந்த கம்பெனி லைன் வீட்டைக் காலி பண்ணணும்னு சொல்லிடுச்சு. அம்மா எனக்குத் தலை சீவி, நல்ல சட்டை போட்டு விட்டு, போய் நைனாகிட்ட கேளு, நாங்க எங்க போறதுன்னு கேளு, நீ கேட்டா சொல்லுவாருன்னு அனுப்பிச்சுது. போனேன். அங்க கூட்டம். நடுவுல அவரு. நான் போய் நின்னு, அம்மா சொன்ன மாதிரியே, நைனா எங்களுக்கு வீடு வேணும்னு கேட்டேன்.

அவரு என்னையே பாத்தாரு. அப்புறம் சனத்தைப் பாத்துத் திரும்பி, புத்தர் கதையை எடுத்தாரு. அவரு ஞானம் அடைஞ்சு ஊருக்குத் திரும்பினப்ப, யசோதரை மகனை அனுப்பினாளாம், உங்க அப்பாகிட்டப் போய் உன் சொத்தைக் கேளுன்னு. ராகுலனும் பின்னாடியே போய்க் கேட்டானாம். என்கிட்ட இருக்கற சொத்து இதுதான்னு சொல்லி அவனுக்கும் மொட்டை அடிச்சுச் சேர்த்துக்கினாராம் புத்தர். கதையை முடிச்சுட்டு, இவனும் ராகுலன், இவனும் கேக்கறான்னாரு எங்க நைனா. கூட்டமே சாது சாதுன்னு வாழ்த்துச்சு. பொம்பளைங்க கண்ணைத் தொடைக்கறாங்க. யாரோ தண்ணி கொண்டாந்தாங்க. யாரோ கத்தி தீட்டறாங்க. எனக்கு வீடு கெடைக்கப் போவுதுன்னு நெனைச்சுக்கினு தலையைக் குனிஞ்சுக்கினேன் சார்.

பாதித் தலை ஆயிருக்கும். எங்கம்மா ஓடி வந்துச்சு, கையெல்லாம் மாவு. அதுவரைக்கும் அவரைச் சாமின்னுதான் கூப்பிட்டுக்கினு இருந்துச்சு, எல்லாரும் கூப்பிடற மாதிரி. அன்னைக்கு அவரு எதிர்ல நின்னு, "எல்லாரையும் எடுத்துக்கினியே, இவன் ஒருத்தனை உடுய்யா"ன்னுச்சு.

கத்தல. மெதுவாத்தான் சொல்லுச்சு. என் கையைப் பிடிச்சு இழுத்துக்கினு வந்துடுச்சு. மீதித் தலையை எங்க மாமாதான் வீட்ல வெச்சு சிரைச்சு விட்டாரு. மாமா வீட்லயே தங்கிட்டோம். அம்மா சுரங்கக் கல்லை அரைக்கற மில்லுக்குப் போய்க் கல் பொறுக்கிச்சு. நீங்க படிச்சிருப்பீங்க, சங்கம் போட்ட சரித்திரத்துல இந்தக் கதை இருக்கு. பிள்ளைப் பாசத்தால ஒரு தாய் தடுத்துவிட்டாள்னு இருக்கு. ஒரு தாய். பேரு கூட கிடையாது.

அதுக்கப்புறமும் தெனம் வந்தாரு, மாமா வீட்டு வாசலுக்கு. அம்மா தெனம் போட்டுச்சு. எனக்கு அதுதான் ஆத்திரம். போடாம இருந்திருக்கலாம்ல? கேட்டா, பசிக்கும்ல அவருக்குன்னு சொல்லும்.

அம்மா போனப்ப எனக்கு மீசை வந்துடுச்சு, வேலைக்கும் சேர்ந்துட்டேன். அவரு வந்தாரு, பிக்குவா வந்தாரு. எல்லார் சாவுக்கும் ஓதற மாதிரி ஓதினாரு. நான் அவரு மொகத்தையே பாத்துக்கினு நின்னேன். ஒரு சொட்டு வரல. எழுந்து போயிட்டாரு. அதுக்கப்புறமும் எங்க வாசலுக்கு வர்றதை மட்டும் நிறுத்தல. நான் கதவைச் சாத்தி வெச்சிருப்பேன். சாத்தின கதவுக்கு முன்னால நிப்பாரு. சோறு போட ஒருத்தர் உள்ளேர்ந்து எழுந்து வர எவ்ளோ நேரமாகும், அவ்ளோ நேரம் நிப்பாரு. அப்புறம் அடுத்த வீடு. வருஷக்கணக்கா. வயசான காலத்துல புத்தி தடுமாறிப் போச்சு, வேற என்ன.

குணவதி, அதான் என் வீட்டுக்காரி, கல்யாணமாகி வந்த புதுசுல ஒரு நாள் கதவைத் திறந்து சோறு போட்டுட்டா. நான் ஷிப்டு முடிஞ்சு வரேன், தெருவே சொல்லுது. வீட்டுக்குள்ள வந்து தட்டைத் தூக்கி அடிச்சேன். வாசல்ல வந்து நின்ன மனுஷனுக்குத்தானே போட்டேன்னா, அவ்ளோதான். அதுக்கப்புறம் போடல. நல்ல பொம்பளை சார், சொன்னா கேட்டுக்குவா.

அவரும் போயிட்டாரு. பெரிய ஊர்வலம், பஸ்ஸெல்லாம் நின்னுச்சு. விகாரையில பெருசா படம் மாட்டினாங்க. அன்னைக்குத்தான் நான் கேட்டேன், பக்கத்துல எங்கம்மா படத்தையும் மாட்டுங்கன்னு. மாசிலாமணி அப்ப கெழவரு. என் தோள்ல கை போட்டுத் தனியாக் கூட்டிக்கினு போய் சொன்னாரு, "ராகுலா, பிக்குவுக்கு மனைவி கிடையாதுப்பா."

அது ஒரு வார்த்தை சார். அது உள்ள போய் உக்காந்துக்கிச்சு. மனைவி கிடையாதுன்னா நான் யாரு? அப்ப எடுத்தேன் சங்கத்தோட சண்டையை. இன்னும் விடல. வருஷா வருஷம் விழா அன்னைக்கு வாசல்ல கறுப்புக் கொடியோட நிப்பேன். எங்க பௌத்த மாநாடு நடந்தாலும் போவேன். பெங்களூரு, மெட்ராஸ், நாக்பூர். துண்டு நோட்டீஸ் அடிச்சுக்கினு போய் ஒவ்வொருத்தர் கையிலயும் கொடுப்பேன். பச்சையம்மாவுக்கு நியாயம் வேணும்னு மேடை ஏறிப் பேசுவேன். மைக்கைப் புடுங்குவாங்க. விட மாட்டேன்.

என் பொண்ணு சுமேதா பொறந்தப்பக் கூட நான் நாக்பூர்ல இருந்தேன். குணவதி தைரியசாலி, ஒத்தையிலயே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துட்டா. நான் திரும்பி வர்றேன், தொட்டில்ல குழந்தை. பாத்தவுடனே சொன்னேன், அப்படியே எங்கம்மா மாதிரி இருக்கான்னு. குணவதி திரும்பிப் படுத்துக்கினா. அவ வயித்துல கட்டி எடுத்தப்பவும் அப்படித்தான், சங்கத் தேர்தல் நேரம். நான் ஒரு ஆளு இல்லன்னா மாசிலாமணி கூட்டமே மறுபடி ஜெயிச்சுடும். அவளே போயிக்கினா, அவங்க அண்ணி துணைக்கு இருந்தாங்க. ஒரு முணுமுணுப்பு கெடையாது. எனக்கு வாய்ச்ச மாதிரி எங்க நைனாவுக்கும் வாய்ச்சுது, அவருக்குத்தான் அருமை தெரியல. நான் அவரு மாதிரி இல்ல சார். நான் குடும்பஸ்தன்.

இப்ப அவ ஓசூர்ல இருக்கா, சுமேதா வீட்ல. பேத்தியைப் பாத்துக்க ஆளில்லன்னு, ஒரு வாரம் இருந்துட்டு வரேன்னு போனா. அது போன மழைக்கு முந்தின மழை. நானும் போய்ப் பாக்கணும்னுதான் இருக்கேன், இந்த வேலை முடியட்டும்னு பாக்கறேன். சுமேதா கூப்பிடறதே இல்ல. நான் கூப்பிட்டாலும் ரெண்டு வார்த்தை பேசிட்டு அம்மாகிட்ட கொடுக்கறேன்னுடுவா. அம்மா வந்தா, சாப்டீங்களா? சாப்ட்டேன். சரி. அவ்ளோதான். வயசானா பேச என்ன இருக்கு.

இப்ப இந்த விழா. சங்கத்துக்குப் புதுசா ஒரு செயலாளர் வந்திருக்காங்க, பரிமளம்னு ஒரு டீச்சர். நாளைக்கு விகாரையில எங்கம்மா படத்தைத் திறக்கறாங்களாம். உங்களுக்கு வந்த அழைப்பிதழ்ல போட்டிருக்கு பாருங்க, பச்சையம்மா படத் திறப்புன்னு. விசாகைன்னு கூட இல்ல, பச்சையம்மா. என்னை ஒரு வார்த்தை கேக்கல சார். பேக்கரி செவுத்துல ஒட்டின போஸ்டரைப் பாத்துத்தான் எனக்கே தெரியும்.

ஆமா, நான் கேட்டதுதான். நீங்க சொல்றது புரியுது. சந்தோஷப்பட வேண்டியதுதானேன்னு வக்கீலும் அதையேதான் கேட்டாரு. இப்ப அவரைப் பாத்துட்டுத்தான் வரேன், பெங்களூர்லேர்ந்து. படத்தைத் திறக்கக் கூடாதுன்னு தடை வாங்கப் போனேன். அவரு சிரிச்சுட்டாரு. விஷயம் தெரியாம சிரிக்கறாரு.

எங்கம்மாவுக்குப் படமே கெடையாது சார். போட்டோ எடுத்ததே இல்ல. அப்ப எங்க பக்கம் யாரு எடுத்தா? நான் படம் மாட்டச் சொன்னப்பல்லாம் அந்த யோசனை எனக்கு வரல, நியாயம் மொதல்ல கெடைக்கட்டும், படத்தைப் பாத்துக்கலாம்னு இருந்தேன். இவங்க எப்படி வரைஞ்சாங்கன்னு போன வாரம் விகாரைக்குப் போனேன். பரிமளம் டீச்சர் மரியாதையாத்தான் உக்கார வெச்சாங்க. துணியை எடுத்துக் காட்டினாங்க.

ஒரு அம்மா உக்காந்திருக்காங்க. நூல் பொடவை, நரைச்ச தலை, காதுல ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் வரைஞ்சிருக்கான். எங்கியோ பாத்த மொகமா இருக்கு. ரொம்பப் பழகின மொகமாவும் இருக்கு, யாருன்னு பிடிபடல. ரொம்ப நேரம் பாத்தேன். எங்கம்மா இல்லன்னு மட்டும் தெரியுது. யாரும்மா இதுன்னு கேட்டேன். அந்த டீச்சர் என்னை ஒரு மாதிரிப் பாத்தாங்க. "உங்க வீட்டம்மாதான்"னாங்க.

குணவதி.

அப்பவே சுமேதாவுக்கு போன் போட்டேன். எல்லாம் அவ வேலைதான். அவளே வந்து அந்த டீச்சரைப் பாத்துப் பேசியிருக்கா. நான் இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தினதை, ஒரு மத்தியானம் உக்காந்து டீ குடிச்சுக்கினே பேசி முடிச்சிருக்கா. மொகத்துக்கு யாரை வெச்சு வரையறதுன்னு வந்ததும், இவ அவங்கம்மாவைக் கூட்டிக்கினு போயிருக்கா. என்னம்மா இது, எங்கம்மா ஜாடை உனக்குத்தானே இருக்கு, வேணும்னா நீ உக்காந்திருக்கலாமேன்னேன்.

அதுக்கு அவ சொல்றா, "படம் வரையறவரு, புருஷன் உயிரோட இருக்கறப்பவே தனியா இருந்த ஒரு அம்மா மொகம் வேணும்னாருப்பா. எனக்குத் தெரிஞ்சு அப்படி ஒருத்தங்கதான் இருக்காங்க."

இதுக்கு என்ன அர்த்தம் சார்? தனியா இருந்தாளாம். நான் எங்க போயிட்டேன்? காவி கட்டினேனா, மொட்டை அடிச்சேனா? சம்பளத்தை அப்படியே அவ கையில கொடுத்தவன் நான். குணவதிகிட்ட கொடுன்னு கேட்டேன், அம்மா தூங்கறாங்கன்னு வெச்சுட்டா. சாயங்காலம், விளக்கு வைக்கற நேரம். அந்த நேரத்துல அவ தூங்கினதே கெடையாது.

நாளைக்கு அவங்க ரெண்டு பேரும் மேடையில இருப்பாங்க. நானும் போவேன். அந்தத் துணியை எடுக்க விட மாட்டேன். எங்கம்மாவுக்கு வாங்கின நியாயத்துல இன்னொருத்தி வந்து உக்காந்தா அது நியாயமா? நீங்க மூணாம் மனுஷன், நீங்க சொல்லுங்க.

சாம்பியன் ஸ்டேஷன் வந்துடுச்சு. அடுத்தது மாரிகுப்பம்தான், நாம எறங்கற எடம், மொட்டுங்களை எடுத்துக்குங்க. இல்ல, அந்தப் பொம்பளைங்க மேல எனக்குக் கோவம் இல்ல. படம் வரைஞ்சவன் மேலதான். மாடலா உக்கார வெச்சவன் உள்ளதை உள்ளபடி வரையணும்ல? அந்தப் படத்துல அவ வாசப்படி பக்கம் பாத்துக்கினு உக்காந்திருக்கா. யாரோ வர்ற சத்தம் கேட்டு நிமிர்ந்த மாதிரி, வந்தது வேற யாரோன்னு தெரிஞ்சுட்ட மாதிரி, அப்படி ஒரு மொகம். என்னத்தை வெச்சு அப்படி வரைஞ்சான்னு தெரியல. இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன், குணவதி அப்படி உக்காந்து நான் ஒரு நாளும் பாத்தது இல்ல சார்.